கீழ் ஈ தந்தியைத் தின்னாத ஃபஸ்: பேஸுக்கு ஒரு பிளெண்ட் பாக்ஸ்

கிட்டாருக்கென்று செய்த ஃபஸ்ஸைப் (சிக்னலை நசுக்கிக் கரகரப்பாக்கும் பெடல்) பேஸ் கிட்டாரில் போட்டுத் தனியாக வாசித்தால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் பேஸ் நின்ற இடம் காலியாகிவிடும். அதைச் சரிசெய்யக் கட்டிய பிளெண்ட் பாக்ஸ் மூன்றாவது முயற்சியில் ஒழுங்காக வேலை செய்கிறது. முதல் இரண்டு முயற்சிகள் எங்கே சறுக்கின என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே பாக்ஸைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் சறுக்குவார்கள்.

பேஸின் கீழ் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவில் கெயின் பகுதியில் 4.7 கே (கிலோஓம்) ரெஸிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைத்துக்கொண்டே போகும். கிட்டாருக்கு அது நல்லது, சத்தம் சேறாகாது. பேஸிலோ நாலு தந்தியின் அடிப்படைச் சுரமும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. டோன் குமிழைத் திருப்பி இதைச் சரிக்கட்ட முடியாது. சுத்தமான பேஸைத் தனியாக ஒரு வழியிலும் ஃபஸ்ஸைத் தனியாக இன்னொரு வழியிலும் கொண்டுபோய்க் கடைசியில் கலக்க வேண்டும். பிளெண்ட் பாக்ஸின் வேலை அவ்வளவுதான்.

லூப்பில் போட்ட ஃபஸ்

சோதனைக்கு லூப்பில், அதாவது பாக்ஸிலிருந்து வெளியே போய்த் திரும்பும் வழியில், போட்டது பேஸ் வாசிப்பவர்கள் பலரும் கட்டிப் பார்க்கும் பாஸ் ஃபஸ் (Bazz Fuss) சர்க்யூட். ஒரே ஒரு டார்லிங்டன் டிரான்சிஸ்டர் (ஒரே உடம்பில் இரண்டு டிரான்சிஸ்டர்), அதன் கலெக்டரிலிருந்து பேஸ் (base) காலுக்கு ஒரு 1என்914 டயோடு, கலெக்டருக்கு 10 கே, உள்ளே 4.7 மைக்ரோஃபாரட், வெளியே 0.1 மைக்ரோஃபாரட், 100 கே வால்யூம் பாட் (குமிழ் மாட்டித் திருப்பும் பொட்டென்ஷியோமீட்டர்). மொத்தமே அரை மணி நேர வேலை.

அதற்கு மேல் ஒரு மணி நேரம் வீணாகக் காரணம் டிரான்சிஸ்டரின் கால்கள். சர்க்யூட்டில் இருப்பது எம்பிஎஸ்ஏ13. கடையில் கிடைத்தது பிசி517. இதுவும் டார்லிங்டன்தான், மாற்றிப் போடலாம். ஆனால் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் எம்பிஎஸ்ஏ13-இல் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி517-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பிப் போட்டால் எதுவும் எரியாது. நசுங்கின மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும், டயோடு கெட்டுவிட்டதோ என்று தேட வைக்கும். சால்டர் வைக்கும் முன் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துக் கால்களைப் பார்த்துவிடுவது நல்லது. டார்லிங்டனில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு சந்திப்புகள் இருப்பதால், அங்கே காட்டும் வோல்டேஜ் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். சில மீட்டர்கள் அந்தப் பக்கம் ஒன்றுமே காட்டாமலும் போகும்.

முதல் முயற்சி: ஒரே குமிழ்

பாக்ஸின் அமைப்பு இது. உள்ளே வரும் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக டிஎல்072-இன் (இரண்டு ஆம்ப் அடங்கிய ஐசி) ஒரு பாதிக்குப் போகிறது. அது யூனிட்டி பஃபர் (சிக்னலின் அளவை மாற்றாமல் கடத்துவது), உள்ளீட்டில் 1 மெக் ரெஸிஸ்டர். பேசிவ் பிக்கப்புக்கு இந்த 1 மெக் முக்கியம், குறைத்தால் மேல் சுரங்களின் பளிச் போய்விடும். பஃபரிலிருந்து ஒரு கிளை ஃபஸ்ஸுக்குப் போகும் செண்ட் ஜாக்குக்கு, இன்னொரு கிளை கலக்கும் இடத்துக்கு. ரிட்டர்ன் ஜாக்கில் திரும்பி வரும் ஃபஸ் ஐசியின் இன்னொரு பாதியில் பஃபராகிக் கலக்கும் இடத்துக்கு வருகிறது.

கலப்பதற்கு முதலில் வைத்தது 100 கே லீனியர் பாட் ஒன்று. ஒரு முனையில் கிளீன், மறு முனையில் ஃபஸ், நடுக்கால் வெளியே. படத்தில் பார்க்க அழகு. வாசித்துப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது: ஃபஸ் கொஞ்சம் கூட வேண்டும் என்று திருப்பினால் கிளீன் அதே அளவு குறைகிறது. கீழ்ச் சத்தத்தைக் காப்பாற்றக் கட்டிய பாக்ஸ், திருப்பத் திருப்பக் கீழ்ச் சத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. பேஸுக்கு ஒற்றைக் குமிழ் பிளெண்ட் சரிவராது என்பது என் தீர்மானம். கிளீன் ஒரு குமிழ், ஃபஸ் ஒரு குமிழ். கிளீனை ஒரு முறை பேண்டோடு சேர்த்து வைத்துவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: தூரத்தில் கேட்ட ஈ

இரண்டாவது டிஎல்072 சேர்த்தேன். ஒரு பாதி ஃபேஸைத் திருப்ப, அதாவது அலையைத் தலைகீழாக்க (அதற்கு அப்புறம் வருகிறேன்), மறு பாதி கலக்கும் ஆம்ப். கிளீனுக்கும் ஃபஸ்ஸுக்கும் ஆளுக்கொரு 10 கே லாக் பாட், ஒவ்வொன்றின் நடுக்காலிலிருந்தும் 100 கே ரெஸிஸ்டர், கலக்கும் ஆம்பின் ஃபீட்பேக்கில் 150 கே. பாட்களின் கீழ்க்கால் இரண்டையும் 9 வோல்ட்டின் பாதியான 4.5 வோல்ட் ரெஃபரன்ஸில் கட்டினேன். கப்ளிங் கெபாசிட்டர் மிச்சமாகும் என்ற எண்ணம். ரெஃபரன்ஸ் என்பது இரண்டு 10 கே, நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட்.

கிளீன் குமிழைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் வைத்து ஃபஸ்ஸை மட்டும் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போலக் கீழ் ஈ மெல்லக் கேட்டது. ஜி தந்தியில் அது குறைவு. கீழே போகப் போகக் கூடியது. அந்த வித்தியாசம்தான் துப்பு. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 41 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 390 ஓம். கிளீன் பாட்டின் 10 கே வழியாகப் போகும் சிக்னல் அந்த 390 ஓமில் இறங்கி ரெஃபரன்ஸையே ஆட்டுகிறது. குமிழ் எங்கே இருந்தாலும் பாட்டுக்குள் ஓடும் கரண்ட் கிட்டத்தட்ட அதேதான், அதனால் பூஜ்யத்திலும் கசிவு நிற்காது. கலக்கும் ஆம்ப் அந்த ஆட்டத்தை இன்னும் பெருக்கியும் விடுகிறது.

மாற்றியது இப்படி: பாட்களின் கீழ்க்கால் நேராக கிரவுண்டுக்கு. பஃபருக்கும் பாட்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட், பிளஸ் முனை ஐசி பக்கம். நடுக்காலுக்கும் 100 கே-க்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட், இதிலும் பிளஸ் கலக்கும் ஆம்ப் பக்கம். இரண்டு இடத்திலும் கட் ஆவது 1.6 ஹெர்ட்ஸில், ஐந்து தந்தி பேஸின் கீழ் பி (30.9 ஹெர்ட்ஸ்) கூட நிம்மதியாகப் போகும். கசிவு முழுதாக நின்றது.

ஜி தந்தியோடு அலையடித்த ஹம்

அப்போது பயன்படுத்தியது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய 9 வோல்ட் அடாப்டர். லோடு இல்லாமல் அளந்தால் 12.8 வோல்ட் காட்டியது, அதாவது ரெகுலேஷன் கிடையாது. ஹம் லேசாக இருந்தது. திறந்த ஜி தந்தியை நீளமாக விட்டால் சத்தம் வினாடிக்கு இரண்டு முறை வீங்கி வீங்கி அடங்கியது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை ரெக்டிஃபை செய்தால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். ஜி தந்தி 98. இரண்டுக்கும் நடுவே உள்ள 2 ஹெர்ட்ஸ்தான் அந்த அலை.

இதே தந்திரம் இன்னொரு இடத்திலும் உதவும். ஈ தந்தி மூன்றாம் ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். அதை வாசிக்கும்போது வினாடிக்கு ஒரு முறை அலை அடித்தால் வருவது நேரடி 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது கிரவுண்ட் லூப்போ ஷீல்டு விட்ட கேபிளோ. ஜி தந்தியில் இரண்டு முறை அடித்தால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், ட்யூன் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

ரெஃபரன்ஸில் 10-ஐ எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் போட்டேன். அந்த இடத்தில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பத்தில் ஒரு பங்காகிவிடும். அடாப்டரையும் ரெகுலேட்டட் ஒன்றாக மாற்றினேன். பவர் உள்ளே வரும் இடத்தில் 1என்5817 தொடராக, பிறகு 100 மைக்ரோஃபாரட், ஒவ்வொரு ஐசியின் காலுக்கும் பக்கத்தில் 0.1. பெடல்களுக்கு நடு முனை மைனஸ். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முனை பிளஸ். குத்தும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். டிசி ஜாக் பிளாஸ்டிக் உடம்பாக இருக்க வேண்டும். நடு மைனஸ் என்றால் வெளி உருளை பிளஸ். உலோக ஜாக் போட்டால் அந்த 9 வோல்ட் நேராக டப்பாவில் ஷார்ட் ஆகும்.

மூன்றாம் முயற்சி: ஃபேஸ்

கசிவும் ஹம்மும் போன பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. கிளீன் மட்டும் வைத்தால் கனமாக இருக்கிறது. ஃபஸ்ஸைச் சேர்த்தால் கனம் கூடாமல் குறைகிறது. ஒற்றை டிரான்சிஸ்டர் காமன் எமிட்டர் சர்க்யூட் சிக்னலைத் தலைகீழாக்கும். பாஸ் ஃபஸ்ஸும் அந்த வகைதான். தலைகீழ் சிக்னலைக் கிளீனோடு கலந்தால் கீழ்ச் சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், மேலே உள்ள கரகரப்பு மட்டும் மிஞ்சும். ட்யூப் ஸ்க்ரீமர், ராட் வகைகள் சிக்னலைத் திருப்புவதில்லை. அதனால் எல்லா ஃபஸ்ஸுக்கும் ஒரே அமைப்பு போதாது, சுவிட்ச் வேண்டும்.

ரிட்டர்ன் பஃபருக்குப் பின்னால் இரண்டு 10 கே வைத்து ஒரு இன்வெர்ட்டர். சின்ன டாகிள் சுவிட்ச் ஒன்று பஃபரையோ இன்வெர்ட்டரையோ ஃபஸ் பாட்டுக்குக் கொடுக்கும். கலக்கும் ஆம்பும் திருப்புகிறதே என்றால், அது இரண்டு வழியையும் சேர்த்தே திருப்புகிறது, கலவையில் ஒன்றும் கெடாது.

சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் காதை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 80 ஹெர்ட்ஸ் சைன் வைத்து உள்ளே கொடுத்து, வெளியே மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்தேன். கிளீன் மட்டும் 210 மில்லிவோல்ட். ஃபஸ் மட்டும் 200. இரண்டும் சேர்த்தால் சுவிட்சின் ஒரு பக்கம் 110, மறு பக்கம் 385. வேறு பேச்சே வேண்டாம்.

டப்பாவை மூடும் முன் இன்னும் மூன்று சின்ன வேலைகள்.

செண்ட் ஜாக்குக்கு முன் 10 கே தொடராக. பாஸ் ஃபஸ் பிக்கப்பின் இம்பீடன்ஸைப் பார்த்தே பழகிய சர்க்யூட். பஃபர் நேராக அதைத் தள்ளினால் நகம் கிழிப்பது போல முரட்டுச் சத்தம். 10 கே போட்டதும் தணிந்தது.

ரிட்டர்னில் 100 கே, அதற்கு முன் 0.01 மைக்ரோஃபாரட். இது 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபஸ்ஸைச் சீவிவிடும். கூடவே ஒரு சுவிட்சில் 0.1 மைக்ரோஃபாரட் இணையாக. சுவிட்சைப் போட்டால் ஃபஸ் முழு அகலமாக வரும். பேண்டோடு வாசிக்கும்போது சீவிய நிலையையே நான் விரும்புகிறேன், கிக் டிரம்முக்கு இடம் கிடைக்கிறது.

ரிட்டர்ன் ஜாக் சுவிட்ச் உள்ளதாக இருக்கட்டும். பிளக் இல்லாதபோது கிரவுண்டோடு சேரும்படி கட்டினால் லூப் காலியாக இருக்கும்போது இரைச்சல் வராது.

டப்பா, துளை, செலவு

டப்பா 1590பிபி அளவு: 119 × 94 × 34 மில்லிமீட்டர். நாலு ஜாக், இரண்டு குமிழ், இரண்டு டாகிள், ஒரு 3பிடிடி ஃபுட்சுவிட்ச் (காலால் மிதிக்கும் சுவிட்ச்) உள்ளே போக இது வேண்டும், இதைவிடச் சிறிய 1590பி-யில் அடங்காது. துளைகள்: ஜாக் 10 மி.மீ., பாட் 7, டாகிள் 6, ஃபுட்சுவிட்ச் 12, டிசி ஜாக் 12, எல்இடி 5. முதலில் சென்டர் பஞ்ச், பிறகு 3 மி.மீ. பிட், அதன் பிறகு ஸ்டெப் பிட். நேராகப் 10-ஐ வைத்தால் பிட் நழுவிக் கோடு போடும். அதோடு பிட் வெளியேறும் பக்கம் ஒரு மரத்துண்டு வையுங்கள்.

3பிடிடி-யின் கால்களில் சால்டர் அயர்னை மூன்று வினாடிக்கு மேல் வைக்க வேண்டாம். உள்ளே உள்ள பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்தால் சுவிட்ச் சில நாளில் மக்கர் செய்யும். ஒயரின் நுனிக்கு முன்கூட்டியே ஈயம் ஏற்றிவிட்டால் இரண்டு வினாடி போதும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியதும் ஆன்லைனில் வாங்கியதுமாக ஆன செலவு, ரூபாயில்: டப்பா 650, ஜாக் நாலு 180, ஃபுட்சுவிட்ச் 150, ரெஸிஸ்டர் கெபாசிட்டர் எல்லாம் 120, பாட் இரண்டு 80, குமிழ் 60, டாகிள் இரண்டு 60, டிஎல்072 இரண்டு 40, டாட் போர்டு 40, டிசி ஜாக் 30, எல்இடியும் ஹோல்டரும் 15, ஐசி பேஸ் 10. மொத்தம் 1,435. ஏறத்தாழ பாதிப் பணம் டப்பாவுக்கே. ஐசி பேஸில் (ஐசியைச் செருகும் சாக்கெட்) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஒன்று 5 ரூபாய்தான், ஐசி மாற்றும்போது அருமை தெரியும்.

எல்இடியோடு சேர்த்துப் பாக்ஸ் இழுக்கும் கரண்ட் 7.5 மில்லியாம்ப்.

ஒரு எல்லை சொல்லிவிட வேண்டும். 9 வோல்ட்டில் டிஎல்072 ஏறத்தாழ 6 வோல்ட் பீக் டு பீக் வரைதான் சுத்தமாக ஆடும். ஆக்டிவ் பேஸில் ஸ்லாப் அடித்து இரண்டு குமிழையும் முழுதாக ஏற்றினால் கலக்கும் ஆம்பே கிளிப் ஆனது. 150 கே-யை 100 கே ஆக்கியதும் நின்றது. அடுத்த முறை 18 வோல்ட்டுக்கே கட்டுவேன், அதற்கு எல்லா எலக்ட்ரோலிட்டிக்கும் 35 வோல்ட் ரகமாக வாங்க வேண்டும். இப்போது உள்ள 16 வோல்ட் கெபாசிட்டர்களோடு 18-ஐக் குத்தக் கூடாது.

பெடல் பலகையில் எங்கே

இப்போதைய வரிசை: ட்யூனர், ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரத்தைச் சேர்க்கும் பெடல்), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது), பிளெண்ட் பாக்ஸ் (லூப்பில் ஃபஸ்), கோரஸ், கடைசியில் டிஐ (மிக்ஸருக்கு நேரடியாகச் சிக்னல் கொடுக்கும் பாக்ஸ்).

ஆக்டேவ் முன்னால் இருப்பதற்குக் காரணம், அனலாக் ஆக்டேவ் சிக்னலின் அலைகளை எண்ணிப் பாதியாக்குகிறது. ஃபஸ்ஸுக்குப் பின்னால் போட்டால் எதை எண்ணுவது என்று தடுமாறும். திறந்த ஈ-க்கு ஒரு ஆக்டேவ் கீழே என்றால் 20.6 ஹெர்ட்ஸ், பெரும்பாலான கேபினெட்டுகளில் அது காதுக்கே வராது, ஸ்பீக்கர் கோன்தான் அலையும். ஆக்டேவைப் பேஸின் நடுப்பகுதிக்கு மேலே வாசிப்பதுதான் பலன் தரும்.

கம்ப்ரஸரில் ஒரு அளவு மனதில் இருக்கட்டும்: கீழ் ஈ-யின் ஒரு அலைக்கு 24 மில்லிசெகண்ட். ரிலீஸை (அமுக்கியதை விடும் நேரம்) அதற்குப் பக்கத்தில் குறைத்தால் கம்ப்ரஸர் ஒவ்வொரு அலையையும் துரத்தி உடைசலை உண்டாக்கும். ரேஷியோ 4:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 25 மில்லிசெகண்ட், ரிலீஸ் 150-க்கு மேல் என்பதில் தொடங்கினால் விரல் படும் சத்தம் உயிரோடு இருக்கும்.

டிஐ-யிலிருந்து மிக்ஸருக்கும் ஆம்புக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் டிஐ-யின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றவோ வெட்டவோ கூடாது. தந்தியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கிறவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

வாங்க நினைப்பவை

முதலிடம் தனித்தனியாகப் பிரிந்த அவுட்புட் உள்ள பவர் சப்ளைக்கு. டிஜிட்டல் பெடல் ஒன்றையும் ஃபஸ்ஸையும் ஒரே டெய்சி செயினில் (ஒரு அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரியும் கம்பி) போட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வந்துவிடுகிறது, அதற்கு நல்ல வைத்தியம் இது.

அடுத்தது பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆக்டேவ் பெடல் ஓசி-2. 1982-இல் வந்த பெடல். டைரக்ட் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து முதல் ஆக்டேவை முழுதாக ஏற்றினால் வரும் உருண்டைச் சத்தத்தை இன்னொன்று கொடுப்பதில்லை. பேஸ் கலைஞர் பீனோ பலடீனோ ஃப்ரெட்லெஸ்ஸில் (ஃப்ரெட் இல்லாத பேஸ்) இதை வைத்துச் செய்தவை போதும் சாட்சிக்கு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும், அது எனக்குக் குறையில்லை. பழைய பெடல் நல்ல நிலையில் கிடைக்காவிட்டால் 2020-இல் வந்த ஓசி-5. அதில் பழைய ஒலிக்கென்றே ஒரு வின்டேஜ் நிலை உண்டு.

டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ: இதன் பிளெண்ட் குமிழ் ஆம்ப் ஒலியையும் நேரடி ஒலியையும் கலக்குகிறது. மேடையில் ஆம்ப் எப்படி இருந்தாலும் மிக்ஸருக்குப் போவது நம் கையில் இருக்கும்.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் டீலக்ஸ் பேஸ் பிக் மஃப்: பிளெண்டோடு கிராஸ்ஓவரும் (கீழ், மேல் சத்தங்களைப் பிரிக்கும் ஃபில்டர்) உள்ளது. மேலே 0.01 மைக்ரோஃபாரட் வைத்துச் செய்ததை முறையாகச் செய்கிற பெடல். இதை வாங்குவதா, இந்தப் பாக்ஸிலேயே கிளீன் வழிக்கு ஒரு லோபாஸ் (கீழ்ச் சத்தத்தை மட்டும் விடும் ஃபில்டர்) சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. லோபாஸ் சேர்த்தால் அதுவும் ஃபேஸை நகர்த்தும், அதனால் 80 ஹெர்ட்ஸ் ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. 60, 80, 120, 200 என்று நாலு இடத்தில் அளந்த பிறகே டப்பாவில் அடுத்த துளை.